ஐந்து தங்கங்களும் ஆறாம் வகுப்பும்

1

பெரம்பலூரிலிருந்து ஒரு நண்பர் எழுதிய கடிதம் போன வாரம் கைக்குக் கிடைத்தது. நலம் விசாரித்து, மழை இல்லை என்று வருத்தப்பட்டு, ரேஷன் கடைக்காரரைத் திட்டி முடித்த பிறகு, காகிதத்தின் ஓரத்தில் நெருக்கிப்பிடித்து ஒரு கேள்வி கேட்டிருந்தார். "கடல் தாண்டினால் ஜாதி போய்விடும் என்கிறார்களே, கண்டிச்சீமையில் உமக்கு எப்படி?"

அவருக்குத் தனியாகப் பதில் எழுதினால் அதை அவர் கடைவீதி முழுக்கப் படித்துக் காட்டுவார். அதைவிடப் பத்திரிகைக்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது. நான் இங்கே, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு, வந்து இந்த வாரத்தோடு இரண்டு வருஷம் ஆகிறது. எழுதுவதற்கு அதுவும் ஒரு சாக்கு. பெயர்களை மாற்றியிருக்கிறேன். குன்னத்தில் இந்தப் பத்திரிகையைப் படிக்கச் சொல்லிக் கேட்பவர்களில் எங்கள் தோட்டத்துக்கு ஆள் கட்டும் கங்காணியின் பங்காளிகளும் இருப்பார்கள்.

முதலில் கடலைப் பற்றி. யுத்தம் முடிந்த மறு வருஷம் மண்டபம் முகாமில் வரிசையில் நின்றேன். குமாஸ்தா பெயர் கேட்டார், தகப்பன் பெயர் கேட்டார், ஊர் கேட்டார், ஜாதி கேட்டார். கடைசியில், "தொழில்?" என்றார்.

"வாத்தியாருங்க."

பேனா நின்றது. தலையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தவர் என் காலைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார். சின்ன வயதில் சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்தவன் கால். சுண்ணாம்பு தின்றது போக மீதி இருந்தது.

"வாத்தியாரு கால் மாதிரி இல்லியே."

"கால்ல பாடம் நடத்துறதில்லீங்க."

பின்னால் நின்றவர் சிரித்துவிட்டார். குமாஸ்தா 'கூலி' என்று எழுதி, பிறகு அதைக் கோடு போட்டு அடித்து, மேலே 'ஆசிரியர்' என்று எழுதினார். ஆகவே சர்க்கார் காகிதத்தில் நான் இன்றைக்கும் அடிக்கப்பட்ட ஒரு கூலி. பிறகு மருந்துத் தண்ணீரில் குளிக்க வைத்தார்கள், உடுப்பை ஆவியில் வேகவைத்தார்கள், கையில் ஊசி குத்தினார்கள். அந்த ஜாதிக் கட்டத்தில் எழுதியதைத் தவிர மற்ற எல்லாத் தொற்றையும் சுத்தமாகக் கழுவித்தான் கப்பலில் ஏற்றினார்கள்.

2

எங்கள் தோட்டம் மலைச்சரிவில் இருக்கிறது. விடியும்போது தப்பு மேளம் அடிப்பார்கள். ஆட்கள் எல்லாரும் பிரட்டுக் களத்தில் கூடிப் பெயர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போவார்கள். அவர்கள் போன பிறகு பிள்ளைகள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வருவார்கள். முன்பு உரமூட்டை அடுக்கி வைத்திருந்த தகரக் கொட்டகைதான் பள்ளிக்கூடம். மழை பெய்தால் தகரம் பேசும், நான் சும்மா இருப்பேன்.

பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள். முதல் நாள் என் ஊர் அரியலூர் என்றேன். அஞ்சலையின் மகள் மருதாயி எழுந்து, "அது எந்தத் தோட்டத்துல சார் இருக்கு?" என்று கேட்டாள். அஞ்சலை தா.பழூரில் பிறந்து, கைக்குழந்தையாக இங்கே வந்து, இப்போது கொழுந்து பறிக்கிறவர்.

ஆட்களை நம் பக்கத்திலிருந்து கூட்டி வந்தது வையாபுரிக் கங்காணியின் குடும்பம். இவருக்குச் சொந்த ஊர் குன்னம். நான் வந்த அன்றைக்கே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "நீங்க எந்தப் பக்கம்?" என்றார்.

"அரியலூருங்க. ரெட்டிபாளையத்துக்கிட்ட."

"அங்க யாரு வூடு?"

இன்னும் மூன்று கேள்வி கேட்டார். வேண்டியது கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் என்னை 'நீங்க' என்று சொன்னதில்லை. வாத்தியாரை 'நீ' என்று சொல்வதும் அழகில்லை. ஆகவே, "வாத்தியாரு சாப்புட்டாச்சா?", "வாத்தியாருக்குக் குளுரு ஒத்துக்குதா?" என்று யாரோ மூன்றாவது மனிதரை விசாரிப்பதுபோல என் முகத்தைப் பார்த்துக் கேட்பார். உட்காரச் சொன்ன நாற்காலி அடுத்த தடவை போனபோது அங்கே இல்லை.

எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு காரியம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைதான் உண்டு. ஐந்தாவது முடித்த பிள்ளையின் பெயரைப் பிரட்டில் பதிந்து, முதுகில் கூடையைக் கட்டிவிடுவார்கள். கங்காணியின் மகன் நடேசன் கணக்கப்பிள்ளை ஆக வேண்டும், அதற்கு ஆறாவது வேண்டும். மருதாயி எதுவாகவும் ஆக வேண்டியதில்லை. ஆனால் ஒரு தடவை சொன்னால் போதும், மறுநாள் எனக்கே திருத்தம் சொல்லுகிற பெண். அவள் முதுகில் கூடையைக் கட்டிப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. ஐந்தாவதில் பன்னிரண்டு பேர். ஆறாவது திறக்க வேண்டும் என்று துரைக்கு மனுப் போட்டேன். கல்வி இலாகா இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளைப் பார்த்து எழுதட்டும் என்று துரை சொல்லிவிட்டார்.

ஆறாம் வகுப்புப் பாடத்தில் ரசாயன மாற்றம் உண்டு. அதையே நடத்திக் காட்டிவிட்டால் பிள்ளைகளின் தகுதியில் யாருக்கும் சந்தேகம் வராது என்று நினைத்தேன். என்னிடம் இருந்த சாமான் ஒரு கரும்பலகையும் முக்கால் டப்பா சுண்ணக்கட்டியும்.

3

சாமான் இல்லாமல் ரசாயனம் படிப்பதில் எனக்கு முன் அனுபவம் உண்டு. அரியலூரில் நான் படித்த உயர்தரப் பள்ளியில் சோதனைச் சாலை இருந்தது. அங்கே என் இடம் ஜன்னலோரம். "தள்ளி நின்னு பாரு. கண்ணாடி ஒடைஞ்சா ஒங்கப்பனால கட்ட முடியாது" என்பார் சோதனைச் சாலைச் சிப்பந்தி. மிராசுதார் மகன் வாரத்துக்கு இரண்டு குழாய் உடைப்பான். என் கைபட்டால் மட்டும் உடையக்கூடிய கண்ணாடியை எந்தக் கம்பெனியில் வாங்கினார்களோ தெரியவில்லை. மூன்று வருஷம் ரசாயனம் படித்துப் பாஸ் செய்தேன். ஒரு சோதனைக் குழாயையும் தொட்டதில்லை.

வீட்டுக்கு வந்து புளியங்கொட்டையைப் பிராணவாயு என்றும், கரித்துண்டைக் கரி என்றும், சுண்ணாம்புக் கல்லைச் சுண்ணம் என்றும் வைத்துத் தரையில் சேர்த்துப் பிரித்துப் பார்ப்பேன். அப்பா காளவாயிலிருந்து வந்து அதை எட்டிப்பார்ப்பார்.

"சுட்ட கல்லுல தண்ணிய ஊத்துனா கொதிக்குதே, அதுக்குப் பொஸ்தவத்துல பேரு போட்டிருக்கானா?"

சொன்னேன். நீளமான பெயர்.

"கொதிக்குதுன்னே எழுதியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார்.

அந்தப் புளியங்கொட்டை ஆட்டத்தைத்தான் பிள்ளைகளை வைத்து ஆட நினைத்தேன். தேயிலைப் பெட்டிப் பலகையைத் துண்டு துண்டாக அறுத்து, மூலப்பொருள்களின் பெயரை எழுதி, கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டினேன். ஒவ்வொரு பொருளுக்கும் எத்தனை கை என்பதுதான் ஆட்டத்தின் உயிர். பிராணவாயுவுக்கு இரண்டு கை. ஹைட்ரஜன் என்கிற ஜலவாயுவுக்கு ஒரு கைதான், மற்றதை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். கரிக்கு நான்கு கை வேண்டும், அதனால் இரண்டு பேரை முதுகோடு முதுகாக நிறுத்தினேன். காலிக் கை எதுவும் தொங்கக்கூடாது. தொங்கினால் ஆள் தேடிப் பிடிக்க வேண்டும். நான் கை தட்டினால் சூடு ஏறுகிறது என்று அர்த்தம். யாருக்கு எந்தப் பலகை என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தேன். அதைவிட நியாயமான வழி எனக்குத் தெரியவில்லை.

4

முதல் ஆட்டம் சுண்ணாம்புக் கல். ஒரு சுண்ணம், கரிக்கு இருவர், மூன்று பிராணவாயு, ஆக ஆறு பேர் கைகோத்து நின்றார்கள். கை தட்டினேன். கரி இரண்டு பிராணவாயுவை இழுத்துக்கொண்டு கரியமில வாயுவாகிக் கதவு வழியாக வெளியே ஓட வேண்டும். ஓடினார்கள். சுண்ணமும் மீதிப் பிராணவாயுவும் சுட்ட சுண்ணாம்பாக நின்றன. பாடம் மிக நன்றாக நடந்தது. ஒரே குறை, வாயுவாகப் போன நான்கு பேரும் மத்தியானம் வரை திரும்பி வரவில்லை. மறுநாள் எல்லாரும் கரியமில வாயு ஆவதற்குப் போட்டி போட்டார்கள்.

இரண்டாவது ஆட்டம் மயில்துத்தம். கொழுந்தில் கொப்புளம் விழுகிற புது நோய்க்கு மருந்தடிக்க வந்த மூட்டையிலிருந்து ஒரு சிட்டிகை கேட்டு வாங்கி, தண்ணீரில் கரைத்து, ஒரு ஆணியைப் போட்டேன். நீலத் தண்ணீரில் ஆணி சிவந்தது. செம்பு வெளியே வந்து ஆணிமேல் படிகிறது, ஆணியின் இரும்பு அதன் இடத்துக்குப் போகிறது என்று சொல்லி, அதையே ஆடவைத்தேன். கந்தகத்தைச் சுற்றி உட்கார்ந்த நான்கு பிராணவாயு, அவர்கள் கையைப் பிடித்தபடி செம்பு. இரும்பு வந்ததும் செம்பு கையை விட்டுவிட்டு எழுந்து இடம் கொடுக்க வேண்டும்.

சீட்டில் செம்பு நடேசனுக்கு விழுந்தது. இரும்பு மருதாயிக்கு.

"எந்திரி, எந்திரி. இரும்பு வந்துட்டேன்" என்று அவள் சொல்ல, அவன் சிரித்துக்கொண்டே எழுந்து கொடுத்தான். மருதாயி மற்றவர்கள் கையைப் பிடித்துக்கொண்டாள். வகுப்பே கைதட்டியது. நாலு நாள் ஆடினோம். எந்தப் பொருள் எதனோடு சேரும், எது எதைத் தள்ளும் என்று ஒருவரும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை, ஒருவரும் மறக்கவுமில்லை. நடேசன் வீட்டுக்குப் போய் அப்பாவுக்கே ஆடிக் காட்டியிருக்கிறான்.

5

ஐந்தாம் நாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குக் கங்காணி வாசலில் நின்றார்.

"பையன் பள்ளிக்கூடத்துல என்ன வேசம் கட்டுறான்?"

"செம்புங்க."

"அஞ்சல பொண்ணு?"

"இரும்பு."

"இரும்பு வந்தா செம்பு எந்திரிச்சுப் போவணுமா?"

"அதுதாங்க இயற்கை."

"எந்த ஊரு இயற்கை? குன்னத்துல அப்புடி இல்ல."

நான் கழுத்துப் பலகைகளை அடுக்க ஆரம்பித்தேன். அவர் விடவில்லை.

"கையப் புடிக்கிறாங்களாம்ல?"

"கையப் பிடிக்காம ரசாயனத்துல ஒண்ணும் நடக்காதுங்க."

"அப்ப நடக்காமயே இருக்கட்டும்." கொஞ்சம் யோசித்தார். "இதுல ஒசந்த சாமான் எது?"

"ஒசத்தி தாழ்த்தி கெடையாதுங்க."

"தெரியாட்டித் தெரியலன்னு சொல்லலாம், தப்பில்ல. தங்கம் இருக்கா?"

"இருக்குங்க."

"அது யாரு கையப் புடிக்கும்?"

"யாரு கையும் பிடிக்காதுங்க. காத்து ஒண்ணும் பண்ணாது, தண்ணி ஒண்ணும் பண்ணாது. துருவும் ஏறாது."

அவர் முகம் மலர்ந்தது. ஒரு விஞ்ஞான உண்மையைக் கேட்டு மனிதர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. "அதான் நம்ம புள்ளைக்கு" என்றார்.

நான் மறுத்திருக்க வேண்டும். பத்து நாளில் இன்ஸ்பெக்டர் வருகிறார். கங்காணி நினைத்தால் வகுப்பில் கொழுந்து பறிக்கிறவர்களின் பிள்ளைகள் ஏழு பேருக்கும் நாளைக்கே கூடை கட்டலாம். சரிங்க என்று தலையாட்டினேன்.

அந்தச் செய்தி அன்றைக்கே தோட்டம் முழுவதும் பரவிவிட்டது. மறுநாள் அவருக்குக் கீழே இருந்த சில்லறைக் கங்காணிகள் மூன்று பேரும் கடைக்காரரும் வந்து, தங்கள் பிள்ளைகள் மட்டும் என்ன மட்டமா என்று கேட்டார்கள். என் வகுப்பில் ஐந்து தங்கம் ஆயிற்று. ஐந்தும் ஒன்றையொன்று தொடாமல் சுவரோரம் நின்றன. மீதி ஏழு பேரை வைத்துச் சுண்ணாம்புக் கல்லை மட்டும் சுட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் நடேசன் கேட்டான், "சார், தங்கம் உக்காரலாமா?"

"உக்காரலாம்."

சிறிது நேரம் கழித்து, "சார், கொஞ்சமா மட்டும் துருப்பிடிச்சுக்கிறேனே?"

ஜன்னலோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்று ரசாயனம் படித்தவன் என்ற முறையில் அவன் கஷ்டம் எனக்குப் புரிந்தது. யோசித்துப் பார்த்தால் அரியலூரில் நானும் தங்கமாகத்தான் படித்திருக்கிறேன் போலிருக்கிறது. அப்போது அதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

6

இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். வெள்ளை உடுப்பு, குடை, மூக்குக் கண்ணாடி. வந்ததும் நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்தார். அவர் தமிழும் என் தமிழும் ஒரே பாஷைதான் என்று இருவரும் நம்பிக்கொண்டே பேசினோம்.

சுண்ணாம்புக் கல் கைகோத்து நின்றது. நான் கை தட்டினேன். கரியமில வாயு வெளியே ஓடியது.

"மாஸ்ரர், அந்த நாலு பிள்ளையளும் எங்கை போகினம்?"

"வெளியிலங்க. வாயு."

"பாடம் நடக்கேக்கையோ?"

"சூடாக்குனா போயிடுங்க."

எதையோ எழுதிக்கொண்டார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பினார். "இந்த அஞ்சு பேரும் ஆர்?"

"தங்கமுங்க."

"இவை என்ன செய்வினம்?"

"ஒண்ணும் செய்ய மாட்டாங்க."

"நல்ல பிள்ளையள்" என்று சொல்லி அதையும் எழுதிக்கொண்டார்.

மருதாயி சும்மா இருக்காமல், ஓடிப்போன வாயு சுண்ணாம்புத் தண்ணீரில் பட்டால் தண்ணீர் பால்போல வெளுக்கும் என்று எழுந்து சொன்னாள். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லக்கூடாது என்று அவளை உட்காரச் சொன்னார்.

7

அறிக்கை இங்கிலீஷில் வந்தது. கங்காணி என்னை வரச்சொல்லி வாசிக்கச் சொன்னார். நின்றபடி வாசித்துத் தமிழில் சொன்னேன். நான்கு பிள்ளைகள் அனுமதியின்றி வகுப்பை விட்டு வெளியேறினார்கள். ஒரு பெண் அதிகமாகப் பேசுகிறாள். சுவரோரம் நின்ற ஐவரின் ஒழுக்கம் மற்றவர்களுக்கு முன்மாதிரியாக இருக்கிறது. ஆறாம் வகுப்பு திறக்கலாம், அதற்குத் தகுதியானவர்கள் மேற்படி ஐவர்.

"போதும்" என்று சொல்லிவிட்டுக் கங்காணி எழுந்து போனார். அறிக்கையில் இரண்டாவது பத்தி ஒன்று இருந்தது. அதைக் கேட்க அவர் நிற்கவில்லை.

மறுநாள் விடிகாலைப் பிரட்டில் ஏழு பிள்ளைகளின் பெயரையும் வாசித்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது மருதாயி நெற்றியில் கயிற்றை மாட்டிக் கூடையைத் தொங்கவிட்டுக்கொண்டு, தாயின் பின்னால் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் கூடை அவளுக்கு முழங்காலின் பின்னால் இடித்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததற்கு நன்றி.

அங்கேயே நின்று கங்காணிக்கு இரண்டாவது பத்தியை வாசித்துக் காட்டினேன். தினசரி பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் குறையாமல் ஆஜரானால்தான் ஆறாம் வகுப்பு. குறைந்தால் அனுமதி ரத்து.

"அஞ்சு பேரு பத்தாதா?"

"பத்தாதுங்க."

"பேர மட்டும் எழுதிக்கிட்டா?"

"வந்து தலைய எண்ணுவாங்க."

முதல் பத்தியின்படி தகுதி ஐந்து பேருக்கு. இரண்டாவது பத்தியின்படி தகுதியில்லாத ஏழு பேர் வந்தால்தான் தகுதியுள்ள ஐந்து பேருக்குப் படிப்பு. இரண்டையும் எழுதியது ஒரே கை, அடித்தது ஒரே முத்திரை. இலாகாக்களை நான் எவ்வளவோ குறை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

சாயந்திரம் கங்காணி லயத்துக்குக் கிளம்பினார். என்னையும் கூட்டிப் போனார். வரிசை வீடுகளின் முன்னால், கூரையின் கீழ் வராமல், தூறலில் நின்றுகொண்டே கூப்பிட்டார்.

"அஞ்சல, நாளையிலேருந்து புள்ளையப் பள்ளிக்கூடம் அனுப்பு."

அஞ்சலை கூடையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். "காலையிலதான கொழுந்துக்கு அனுப்புன்னீங்க?"

"இப்பச் சொல்றேன்ல."

"ஒங்க மவன் படிக்கணும்னா எம் மவ வந்து ஒக்காரணும். அதானுங்க சேதி?"

பக்கத்து வீட்டில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். சிரிப்பை அடக்கிய செருமல்.

"ஒக்காரட்டும். அந்தக் கடைசி மூலையில ஒக்காரட்டும்."

"மூலைக்கெல்லாம் அனுப்புறதில்லீங்க. எல்லாப் புள்ளையளுக்கும் போடுற பலகைன்னா அனுப்புறேன். இல்லாட்டி கூடை இருக்கு, கொழுந்து இருக்கு."

மற்ற வீடுகளிலும் அதே பதில்தான் வந்தது. கங்காணி நனைந்துகொண்டே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, ரகசியம் சொல்வதுபோலச் சொன்னார்.

"வாத்தியாரே, அந்த ஏழையும் தங்கமாக்கிடலாம்ல?"

"எல்லாரையுமாங்க?"

"எல்லாம் தங்கம்னா யாரும் யாரையும் தொட வேணாம் பாருங்க."

அஞ்சலை கூடையை ஆணியில் மாட்டிவிட்டு, "எம் மவளும் தங்கமா? ஆவட்டும், ஆவட்டும்" என்றார்.

8

ஆறாம் வகுப்பு திறந்த அன்றைக்குக் கங்காணி வந்து பார்த்தார். பன்னிரண்டு பிள்ளைகள், பன்னிரண்டு பலகை, எல்லாவற்றிலும் தங்கம். ஒரு கை நீட்டினால் இன்னொரு கை எட்டாத தூரத்தில் நிறுத்தியிருந்தேன். வரிசையின் இரண்டு பக்கமும் நடந்து தூரத்தைப் பார்த்தார். திருப்தியாகக் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

பிள்ளைகள் நின்றார்கள். நானும் நின்றேன். உலகத்திலேயே அதிகமான தங்கம் இருந்த வகுப்பு அதுவாகத்தான் இருக்கும். அங்கே கற்றுக்கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை.

"சார்" என்றான் நடேசன். "தங்கத்த எதுவுமே ஒண்ணும் பண்ணாதா?"

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குடை, தேயிலைத் தொழிற்சாலை வளைவு வரைக்கும் போய்விட்டது. கேள்வி கேட்டால் பதில் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். கூடவே, என்னை அடுத்த கப்பலில் ஏற்றிவிடக் கங்காணியின் ஒரு வார்த்தை போதும் என்பதும் எனக்குத் தெரியும்.

"உப்புத் திராவகம்னு ஒண்ணு இருக்கு. வெடியுப்புத் திராவகம்னு ஒண்ணு இருக்கு" என்றேன். "தனித்தனியா ஊத்துனா தங்கத்துக்கு ஒண்ணும் ஆகாது. ரெண்டையும் கலந்து ஊத்துனா கரைஞ்சிடும்."

"ரெண்டும் சேந்தாவா?"

"ரெண்டும் சேந்தாத்தான்."

நடேசன் கழுத்துப் பலகையைக் கழற்றி, எழுத்தில்லாத பக்கத்தைத் திருப்பி மாட்டிக்கொண்டான். "அப்ப நான் திராவகம்" என்றான்.

"ஒண்ணு பத்தாதே" என்றேன். "இன்னொண்ணு வேணும்."

மருதாயி அதற்குள் பலகையைத் திருப்பியாயிற்று. விடுவிடுவென்று வந்து, அவன் நீட்டுவதற்கு முன்னாலேயே கையைப் பிடித்தாள். மீதிப் பத்துத் தங்கமும், தன்னைத்தான் முதலில் கரைக்க வேண்டும் என்று சண்டை பிடிக்க ஆரம்பித்தன.